ஈ.எஃப் 60 சதவீதம், அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது?

[காட்சி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். விடியற்காலை. திண்ணைத் தூணில் சாய்ந்தபடி ஒரு வயதான அம்மா.]

என் அத்தைக்கு 68 வயது. நடவுக்கு ஆள் பத்தவில்லை என்றால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிடுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வாய்க்கால் வரை போய்த் திரும்புவதற்குள் நாலு இடத்தில் நிற்க ஆரம்பித்தார். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து வந்து இந்தத் தூணில் சாய்ந்துகொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பார். சாயங்காலமானால் கால் வீங்கி, மெட்டி விரலை இறுக்கும்.

எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தோம். ஈ.எஃப் 60 சதவீதம் என்று வந்தது. “இதயம் நல்லாத்தான் இருக்கு, வாயுவா இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை கேட்டார்: “அப்ப நான் பொய்யா சொல்றேன் தம்பி?”

இல்லை அத்தை. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

[காட்சி: தாளில் கையால் வரைந்த இதயம். இடது கீழறை மட்டும் சிவப்பில்.]

ஈ.எஃப் (எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்) என்பது ஒரு விகிதம், அவ்வளவுதான். இந்த அறைக்குள் வந்த ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே போனது என்று சொல்லும். எவ்வளவு வந்தது என்று சொல்லாது. உதாரணத்துக்கு, நல்ல இதயத்தில் 120 மில்லி நிரம்பி 70 மில்லி வெளியே போகிறது. 58 சதவீதம். சுவர் தடித்து இறுகிப்போன இதயத்தில் 80 மில்லிதான் நிரம்புகிறது; 48 மில்லி வெளியே போகிறது. கணக்குப் போட்டால் 60 சதவீதம்! விகிதம் கூடியிருக்கிறது, உடம்புக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கிறது.

வேறு சிலருக்குச் சும்மா இருக்கும்போது அளவு சரியாகவே இருக்கும். ஆனால் விறைத்த அறையை நிரப்ப அழுத்தம் அதிகம் வேண்டும். நாலு படி ஏறினால் அந்த அழுத்தம் மளமளவென்று ஏறும். எக்கோவோ, படுக்க வைத்து எடுப்பது.

[காட்சி: ஐப்பசி மழை. தண்ணீர் தேங்கிய சம்பா வயல். தூர்ந்துபோன வடிகால்.]

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அடைமழையில் வடிகால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் வயலிலேயே நிற்கும். இதய அறை தளர்ந்து இடம் கொடுக்கவில்லை என்றால், நுரையீரலிலிருந்து வர வேண்டிய ரத்தம் அங்கேயே தேங்கும், நீர் கசியும். மூச்சு முட்டுவது அதனால்தான். படுத்தால் காலில் இருந்த நீரும் மேலேறி வரும். அதனால்தான் இரவில் அதிகம்.

இதற்கும் ஹார்ட் ஃபெயிலியர் என்றுதான் பெயர். இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈ.எஃப் 50-க்கு மேல்தான் இருக்கிறது. பெண்கள், வயதானவர்கள், பல வருஷமாக பிரஷர், சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்கள்தான் இதில் அதிகம். அத்தை பிரஷர் மாத்திரையைத் தலை வலிக்கிற அன்றைக்கு மட்டும் போட்டவர். 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அந்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. தயவுசெய்து தினமும் போடுங்கள்.

மூச்சு வாங்குகிறது, ஈ.எஃப் சரி என்கிறார்கள் என்றால், “சுவர் தடித்திருக்கிறதா, இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா, நிரம்பும் அழுத்தம் எப்படி?” என்று கேளுங்கள். இதயத்தின் மேல் விழும் பளுவைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. குண்டானவர்களுக்கு அது குறைவாகக் காட்டலாம். அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

[காட்சி: மாத்திரை அட்டைகள்.]

நீர் மாத்திரை வீக்கத்தை வடிக்கும். அடுத்தது, எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரைக்கு வந்த மருந்துகள் இவை. 2021-ல் வெளியான ஆய்வில், ஹார்ட் ஃபெயிலியர் இருந்தும் ஈ.எஃப் 40-க்கு மேல் உள்ள 5,988 பேரில் பாதிப் பேருக்கு எம்பாகிளிஃப்ளோசின் கொடுத்தார்கள். ஏறக்குறைய 26 மாதத்தில், இதய நோயால் இறந்தவர்கள் அல்லது ஹார்ட் ஃபெயிலியரால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 13.8 சதவீதம், வெற்று மாத்திரை போட்டவர்களில் 17.1. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. அத்தைக்கும் சர்க்கரை இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ “இது சுகர் மாத்திரையாச்சே” என்று சொல்லப்போய், பத்து நாள் நிறுத்திவிட்டார். நிறுத்தாதீர்கள். வாந்தி, பேதி என்று கிடக்கும் நாளில் மட்டும் டாக்டரைக் கேளுங்கள்.

மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். அவற்றை நீங்களாகப் போடாதீர்கள்.

[காட்சி: பழைய சோறு, பக்கத்தில் மோர் மிளகாய்.]

உப்புதான் கஷ்டம். பழைய சோற்றுக்கு மோர் மிளகாய் இல்லாமல் எப்படி? குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு அப்பளம், நார்த்தங்காய், கருவாடு என்று சேர்த்துக்கொண்டால் பயன் இல்லை. இந்துப்புக்கு மாறினாலும் அதே கதைதான். அதிலும் பெரும்பங்கு சோடியம்தான். அத்தை இப்போது பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்கிறார். முதல் மாதம் கோபம் இருந்தது, இப்போது பழகிவிட்டது.

[காட்சி: சுவரில் தினசரி காலண்டர். கிழித்த தாள்களின் பின்பக்கம் பேனாவில் எண்கள்.]

காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன்னால் எடை பார்க்கிறார். நேற்றுக் கிழித்த தாளின் பின்னால் எழுதி வைக்கிறார். தை மாதம் ஒரு கல்யாணம், மூன்று வேளையும் பந்தி. மூன்றே நாளில் 61 கிலோ 63 ஆனது. அது சதை இல்லை, நீர். மூச்சு முட்டுவதற்கு முன்பே டாக்டருக்குப் போன் செய்தோம்; நீர் மாத்திரையை நாலு நாளைக்குக் கூட்டச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வரவில்லை.

[காட்சி: இன்றைய தாள். அத்தையின் கையெழுத்தில், 61.2.]