பகவதிபுரமும் ஒரு லூப் லைனும்

நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் பாதையில், தமிழக எல்லைக்குள் கடைசி நிலையம் பகவதிபுரம். அடுத்தது ஆரியங்காவு, கேரளம். 1904-ல் மீட்டர் கேஜாக ஓடத் தொடங்கிய மலைப்பாதை இது.

இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் ஸ்டேஷன்? ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளில் ஒன்று ஒதுங்கி நிற்க ஆங்காங்கே லூப் லைன் வேண்டும். பயணிகள் கணக்கெல்லாம் அப்புறம்தான்.

அப்படிப்பட்ட பாதைகளில் வெகுகாலம், அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம் என்று டிரைவருக்குக் கிடைத்த உத்தரவு, டோக்கன் எனப்படும் ஓர் உலோக உருண்டை. இரண்டு ஸ்டேஷன்களின் டோக்கன் கருவிகளும் மின்சாரத்தால் பிணைந்தவை. ஒரு நேரத்தில் ஒரே உருண்டைதான் வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் வண்டியில் இருப்பவர் கையில் கோர்த்துவிடுவார் பாயிண்ட்ஸ்மேன் என்ற ஸ்டேஷன் ஊழியர். பை தவறினால் வண்டி நின்றாக வேண்டும். உருண்டையே தொலைந்தால் கருவியை நிறுத்திவிட்டு, பேப்பர் லைன் கிளியர், அதாவது உத்தரவைத் தாளில் எழுதித் தர வேண்டியதுதான்.

அந்தக் காலக் கைகாட்டி சிக்னல் இன்னொரு தலைவலி. கை இறங்கினால் போகலாம், நேராக நின்றால் நிற்க வேண்டும். ஸ்டேஷன் லீவரிலிருந்து கைகாட்டிக்குப் போகும் 500 மீட்டர் எஃகுக் கம்பி, 20 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளும். லீவரை முழுக்க இழுத்தாலும் கை அரைகுறையாகத்தான் இறங்கும், டிரைவர் நிறுத்திவிடுவார். இரவுக் குளிரில் கம்பி சுருங்கினால், நிற்கச் சொல்ல வேண்டிய கை தானாகத் தொங்கும். ஆபத்து அதில்தான். அதனால் வெயில் ஏற இறங்க, அட்ஜஸ்டரைத் திருகிக் கம்பியைச் சரிசெய்தபடி இருக்க வேண்டும்.

2010-ல் இந்த மலைப்பாதை மூடப்பட்டு, 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தது. தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டரிலிருந்து 1676 ஆனது. ஆனால் குகைகளைப் பெரிதாக்கி, பாலங்களைப் பலப்படுத்த வேண்டியிருந்ததால்தான் இத்தனை வருடம்.

தமிழகத்தில் கேஜ் மாறியபோது பல கிராம நிலையங்களில் லூப்பை எடுத்துவிட்டார்கள். லூப் போனால் சிக்னல் போகும், ஸ்டேஷன் மாஸ்டர் போவார். கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட் மிஞ்சுவார். நடைமேடையை உயர்த்தி, விளக்கு போட்டதைத்தான் வளர்ச்சி என்று காட்டுவார்கள். அதையும் அளந்து பாருங்கள்: ஒரு பழைய நீலப் பெட்டி சுமார் 22 மீட்டர், 18 பெட்டிக்கு 400 மீட்டர் வேண்டும். மேடை 300-தான் என்றால், கடைசி நாலைந்து பெட்டிக்காரர்கள் மூட்டையோடு ஜல்லியில்தான் குதிக்க வேண்டும்.