காது கூசுதுன்னு பஞ்சு வைக்காதீங்க

வணக்கங்க. நான் ஆடியாலஜிஸ்ட், காது டெஸ்ட் பண்றது என் வேலை. ஆனா இன்னைக்கு காது கேக்காதவங்கள பத்தி பேச வரல, சத்தம் தாங்க முடியலன்னு கஷ்டப்படறவங்கள பத்தி பேசலாம்னு வந்தேன்.

எவர்சில்வர் தட்டை மேடையில வைக்கிற சத்தம், மிக்ஸி, பஸ்ஸோட ஏர் ஹாரன், நாம கண்டுக்காம போயிடுவோம், இவங்களுக்கு காதுக்குள்ள வலியே வந்துடும். டாக்டர்கிட்ட போனா ஆடியோகிராம் எடுப்பாங்க, ரிப்போர்ட் நார்மல்னு வரும், உடனே வீட்ல "எல்லாம் உன் மனசுதான்"னு முடிச்சிடுவாங்க. அட, ஆடியோகிராம் பாக்குறது எவ்ளோ சின்ன சத்தம் கேக்குதுன்னுதாங்க, எவ்ளோ பெரிய சத்தத்தை தாங்குவீங்கன்னு அதுல தெரியாது.

அதுக்கு எல்டிஎல்னு தனி டெஸ்ட் இருக்கு. ஹெட்போன் மாட்டிவிட்டு மெல்லிசா ஒரு டோன் குடுத்து 5 டெசிபல் 5 டெசிபலா ஏத்திட்டே போவோம், போதும்னு தோணுனதும் நீங்க கையத் தூக்கணும். பொதுவா 90, 100 டெசிபல் வரைக்கும் தாங்குவாங்க, இந்தப் பிரச்சனை இருக்கவங்க 60, 70லயே முகத்தை சுளிச்சிடுவாங்க. இதுக்கு ஹைப்பரகூசிஸ்னு பேரு. பெரிய சத்தத்துல மாட்டுனது, தலையில அடி, மைக்ரேன், இப்படி பல காரணம். முகவாதம் வந்தவங்களுக்கும் வரலாம், ஏன்னா பெரிய சத்தம் வந்தா நடுக்காதுல ஒரு குட்டி தசை இறுகி சத்தத்தை குறைக்கும், அதுக்குப் போறதும் முகவாதத்துல பாதிக்கப்படற அதே முக நரம்புதான்.

சரி, பக்கத்துல ஒருத்தர் சப்புசப்புன்னு சாப்பிட்டா, மூக்கை உறிஞ்சுனா கோவம் தலைக்கேறுதா? அது மிசோஃபோனியா, வேற கதை, 2001லதான் ஜாஸ்ட்ரெபாஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர் தம்பதி இந்தப் பேரையே வச்சாங்க. சத்தம் பெருசா சின்னதாங்கறது அங்க கணக்கே இல்ல, யோசிக்கிற விதத்தையும் பழக்கத்தையும் மாத்த உதவுற சிபிடிங்கற கவுன்சலிங் பலருக்கு உதவுது.

ஹைப்பரகூசிஸ்க்கு வர்றேன். எல்லாரும் முதல்ல பண்றது பஞ்சு, இயர்பிளக், நாள் பூரா. 2003ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி, காது நல்லா இருக்கவங்களுக்கே ரெண்டு வாரம் இயர்பிளக் போட்டுவிட்டுப் பாத்தாங்க, கழட்டுனப்புறம் அதே சத்தம் முன்னவிட பெருசா கேட்டிருக்கு! அதே ஆராய்ச்சியில பிளக்குக்கு பதிலா மெல்லிய இரைச்சல் கேட்டவங்களுக்கு தாங்குற அளவு கூடியிருக்கு. சத்தம் வரலன்னா மூளை ரேடியோ வால்யூமை திருகுற மாதிரி உள்ள ஏத்தி வச்சுக்குது, அவ்ளோதான். அதனால டிரில்லிங் மெஷின், பட்டாசுன்னா பிளக் போடுங்க, அடுப்படியில வேண்டாம். சிகிச்சையும் இதேதான், காதுல மாட்டுற சின்ன சவுண்ட் ஜெனரேட்டர்ல மெல்லிய இரைச்சல், கூடவே கவுன்சலிங், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், மாசக்கணக்காகும், ஒரு வாரத்துல சரியாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொண்ணு, ஈஎன்டி டாக்டர்கிட்ட போறப்போ சத்தம் தாங்காதுன்னு மொதல்லயே சொல்லிடுங்க, நடுக்காது தசை இறுகுதான்னு பாக்குற ரிஃப்ளெக்ஸ் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, அதுல சத்தம் 100 டெசிபல் பக்கம் போகும், தெரியாம பண்ணிட்டா அன்னிக்கு பூரா காது வலிச்சுட்டே கிடக்கும்.