ஊர்வாய்க் கட்சி

நடுவர் ஐயாவுக்கும், கொசுக்கடியைப் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கிற பாபநாசத்து மக்களுக்கும் வணக்கம். அம்புட்டுதான், நேரமில்ல.

குழந்தை தள்ளிப்போற தம்பதிக்குப் பெரிய சுமை உடற்குறையா, ஊர்வாயா? நான் ஊர்வாய்க் கட்சி. எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார்: "வயல் உவர்னா விதை என்னய்யா பண்ணும்?" நீங்களும் கைதட்டுனீங்க. யார் யாருன்னு பாத்து வச்சிருக்கேன்.

அண்ணே, நீங்க டெல்டாக்காரர்தானே? நாத்து விடுறதுக்கு முன்னாடி உங்க அப்பா என்ன பண்ணுவார்? தண்ணியில உப்பைக் கரைச்சு, கோழிமுட்டை மிதக்குற பதம் பாத்து, விதைநெல்லைக் கொட்டுவார். கருக்காய் மேல வரும், அள்ளி எறிவார். நெல்லுக்கே டெஸ்ட்டு! மாப்பிள்ளைக்குக் கிடையாதா?

எங்க தெருத் தம்பி ஒருத்தன். பேர் சொல்லாம பேசுங்கன்னு அவனே அனுமதி குடுத்தான். பொண்டாட்டிக்கு ஸ்கேன், தைராய்டு, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் ஆச்சு. இவன் வெளிய மஞ்சப்பையோட உக்காந்து வடை தின்னுக்கிட்டிருக்கான். டாக்டரம்மா கூப்பிட்டு, "நீங்களும் விந்துப் பரிசோதனை பண்ணுங்க தம்பி"ன்னாங்க. "எனக்கெதுக்கும்மா? நான் ஒத்தையா நெல்மூட்டை தூக்குவேன்!" "இங்க மூட்டை தூக்குற வேலை காலியில்ல தம்பி."

சின்ன டப்பா ஒண்ணு குடுத்தாங்க. வீட்டுல எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்ல சேக்கணும். சட்டைப்பையில வச்சுக்கிட்டு ஓடுறான். டீக்கடைப் பெரியவர் மறிக்கிறார்: "என்னடா, மூக்குப்பொடியா? எனக்கும் ஒரு சிட்டிகை குடு!"

பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலையாம், மறுபடி சொல்றேன். டப்பா. சட்டைப்பை. "ஒரு சிட்டிகை குடு!" தம்பி ஓடுன ஓட்டத்துல செருப்பு ஒண்ணு டீக்கடையிலயே நின்னுடுச்சு.

ரிசல்ட்டு வந்தா, எண்ணிக்கை கம்மி. விரையில நரம்புச் சுருட்டல். குழந்தையில்லாத தம்பதியில ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்குங்க. ஒரு வருசம் பாத்தும் தங்கலைன்னா ரெண்டு பேரும் போகணும். பொண்ணுக்கு 35 தாண்டியிருந்தா ஆறே மாசம். உடற்குறைக்கு வைத்தியம் இருக்கு அண்ணே, ஊர்வாய்க்கு எந்த மெடிக்கல்ல மாத்திரை விக்குது?

பக்கத்துல திருக்கருகாவூர். கர்ப்பரட்சாம்பிகை சன்னதி நெய்யை 48 நாள் புருசன், பொண்டாட்டி ரெண்டு பேரும் சாப்பிடணும்னுதான் சொல்லி அனுப்புறாங்க. அம்பாளுக்குத் தெரிஞ்சது மாமியாருக்குத் தெரியலையே!

மணி அடிக்காதீங்க ஐயா, முடிச்சிடுறேன்.

போன மாசம் எதிர்வீட்டு வளைகாப்பு. அந்தத் தம்பியோட பொண்டாட்டி சந்தனக் கிண்ணத்தைக் கையில எடுத்துச்சு. ஒரு பெரியம்மா, "நீ இரும்மா, ஒனக்கு அப்புறம்"னு வாங்கிட்டாங்க. கொறை எழுதியிருக்கிற ரிப்போர்ட்டு புருசன் பேர்ல. கிண்ணம் பறிபோனது அவ கையிலேர்ந்து. அழலைங்க அந்தப் பொண்ணு. அடுக்களைக்குப் போய் கலவை சாதம் கட்டிக் குடுத்துச்சு, வந்தவங்க எல்லாருக்கும்.

தாய்மார்களே, உங்க வீட்டு அடுத்த வளைகாப்புக்கு அப்படி ஒரு பொண்ணைக் கூப்பிட்டு, முதல் வளையலைப் போடச் சொல்லுங்க. தீர்ப்பை ஐயா எந்தப் பக்கம் வேணாலும் சொல்லிக்கட்டும். வணக்கம்.