மந்திரவாதிக்கு மந்திரம் எங்கிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

மாயாஜாலக் கதைகள் என்றால் எனக்கு உயிர். நாவலோ, காமிக்ஸோ, நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதைவிளையாட்டோ, எதுவானாலும் முதலில் என் கண் போவது மந்திரவாதியின் மேல்தான். ஒருவர் கையை உயர்த்துகிறார், தீ பிறக்கிறது. பார்ப்பவர்களுக்கு எல்லாத் தீயும் ஒன்றுதான். அது அவரிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று விசாரித்தால் ஆளுக்கு ஆள் பதில் மாறும். சிலர் படித்துப் பெற்றிருப்பார்கள். சிலருக்குப் பிறவியிலேயே வந்திருக்கும். சிலர் யாரிடமோ கைநீட்டி வாங்கியிருப்பார்கள். இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்: அந்த ஆற்றலை அவரிடமிருந்து யார் பறிக்க முடியும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அந்த மந்திரவாதி எதற்குப் பயப்படுவார், யார் பேச்சுக்குக் கட்டுப்படுவார், ராத்திரி எதை நினைத்துத் தூக்கம் கெடுவார் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சில மந்திரவாதிகளைப் பார்க்கலாம்.

முதலில் படித்த மந்திரவாதி. விசார்ட் என்று சொல்லப்படுபவர். இவருக்கு எல்லாமே புத்தகம்தான். இந்த ஆளை இப்படியே நம் மனதில் பதிய வைத்ததில் பெரிய பங்கு, 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதைவிளையாட்டுக்கு உண்டு. அதில் மந்திரம் வேலை செய்யும் முறை, ஜாக் வான்ஸ் எழுதி 1950ல் வெளிவந்த 'தி டையிங் எர்த்' கதைகளிலிருந்து வந்தது. சூரியன் அணையப் போகிற கடைசிக் காலம். ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்த மந்திரங்களில் நூற்றுச் சொச்சம்தான் மிச்சம். அந்த உலகத்தில் டர்ஜன் என்ற மந்திரவாதி பயணம் புறப்படும் முன் புத்தகத்தைத் திறந்து மந்திரங்களை மூளைக்குள் ஏற்றிக்கொள்கிறான். ஒரே நேரத்தில் நான்கைத்தான் அவனால் தாங்க முடியும். ஒன்றைச் சொல்லி முடித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துபோகும். மறுபடி வேண்டுமா, மறுபடி படிக்க வேண்டும்.

சொன்னதும் மறந்துபோவது ஒரு மந்திரவாதிக்குப் பெரிய இடைஞ்சல் என்று தோன்றலாம். கதைக்கு அதுவே உயிர்நாடி என்பேன். காலையில் எழுந்ததும், இன்றைக்கு எதைச் சந்திக்கப் போகிறோம் என்று அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். தீ வேண்டியிருக்கும் என்று தீயை ஏற்றிக்கொண்டு போகிறார். வழியில் ஆழமான ஆறு குறுக்கிடுகிறது. நீருக்கடியில் மூச்சு விடும் மந்திரம் வீட்டில், புத்தகத்தில், நாற்பதாவது பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. அறிவாளி ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு கரையில் நிற்கும் அந்த நேரத்தில்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரிகிறது.

அதே விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. ஆனாலும் புத்தகத்தின் மேல் இருக்கும் பிடிப்பு போகவில்லை. வேறு யாரோ எழுதிய சுவடியில் ஒரு புது மந்திரம் கிடைத்தால், அதைத் தன் புத்தகத்தில் ஏற்ற, மந்திரத்தின் வலிமையில் ஒவ்வொரு படிக்கும் 2 மணி நேரமும் 50 பொற்காசும் ஆகும். நெருப்புக்கோளம் மூன்றாம் படி மந்திரம். ஆகவே 6 மணி நேரம், 150 பொற்காசு. அந்த நேரம் வெறுமனே நகல் எடுக்கப் போவதில்லை. அடுத்த மந்திரவாதியின் குறியீட்டு முறையை அவிழ்த்து, சொல்லிப் பார்த்து, தனக்குப் புரிகிற மாதிரி திருப்பி எழுதுகிறார். புத்தகம் தொலைந்தால்? அன்றைக்கு மனதில் தயாராக வைத்திருக்கும் மந்திரங்களை மட்டும் புதுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் போனது போனதுதான். இவரிடமிருந்து ஆற்றலைப் பறிக்க ஒரு திருடன் போதும், ஒரு வாளித் தண்ணீர் போதும். விவரம் தெரிந்த விசார்ட்கள் எல்லாரும் இன்னொரு பிரதி எழுதி வேறெங்காவது ஒளித்து வைப்பது இதனால்தான்.

அந்த நெருப்புக்கோளத்தையே கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். சொல் வேண்டும், கையசைவு வேண்டும், கையில் ஒரு பொருளும் வேண்டும். பொருள் என்னவென்றால் வௌவால் எச்சமும் கந்தகமும் சேர்த்து உருட்டிய சின்ன உருண்டை. எச்சத்திலிருந்து வெடியுப்பு எடுக்கலாம். அதோடு கந்தகம். வெடிமருந்தின் முக்கால்வாசி அந்த உருண்டையிலேயே இருக்கிறது. மின்னல் பாய்ச்சும் மந்திரத்துக்குக் கொஞ்சம் விலங்கு ரோமமும் ஒரு கண்ணாடிக் குச்சியும் கேட்பார்கள். ரோமத்தில் கண்ணாடியைத் தேய்த்தால் நிலைமின்சாரம் பிறக்கும், பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்திருப்போம். மந்திரத்தின் ஓரத்தில் உண்மையான இயற்பியலை இப்படி ஒட்டி வைத்தவர்களின் கற்பனையை நான் மிகவும் மதிக்கிறேன். படித்த மந்திரவாதிக்கு இது பொருந்தவும் செய்கிறது. உலகம் எப்படி இயங்குகிறது என்று துருவிப் பார்த்தவர்தானே அவர். சரி, சொல், கையசைவு, பொருள் என்ற இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போனால் மந்திரமும் இல்லை. வாயைக் கட்டிவிட்டால், கையைக் கட்டிவிட்டால், அவர் வெறும் படிப்பாளி. அமைதி என்றே ஒரு மந்திரம் இருக்கிறது. 20 அடி ஆரத்துக்குள் எந்தச் சத்தமும் எழாது. அதற்குள் மாட்டிக்கொண்ட விசார்டைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

அடுத்தவர் பிறவி மந்திரவாதி, சோர்சரர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இவர் தனி வகையாக வந்தது 2000ல் வெளியான மூன்றாம் பதிப்பில். முன்னோர்களில் யாரோ ஒரு டிராகனின் வழிவந்தவராக இருக்கலாம், அல்லது பிறந்த வேளையில் ஏதோ ஓர் ஆற்றல் இவரைத் தொட்டிருக்கலாம். புத்தகம் கிடையாது, குரு கிடையாது. தெரிந்த மந்திரங்கள் கொஞ்சம்தான், ஆனால் அவை கையோடு பிறந்தவை, காலையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தெரிந்ததை வளைக்கவும் நீட்டவும் இரட்டிப்பாக்கவும் இவருக்கு வரும். இவரிடமிருந்து யாராலும் எதையும் பறிக்க முடியாது. இவரே நினைத்தாலும் இறக்கி வைக்க முடியாது என்பதுதான் இவருடைய துயரம். கட்டுக்கடங்காத ஆற்றல் உள்ள சோர்சரர்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். மந்திரம் சொல்லும்போது பகடை சரியாக விழாவிட்டால், 100 வரை எண் தரும் பகடைகளை உருட்டி அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். உடம்பு நீலமாகலாம். தொட்டிச் செடியாக மாறிவிடலாம். தன்னையே நடுவில் வைத்து நெருப்புக்கோளம் வெடிக்கலாம். முதல் இரண்டுக்கும் மேசையில் எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாவது நடந்தால், பக்கத்தில் நின்ற நண்பர்கள் கருகிக் கிடப்பார்கள். அப்புறம் அந்தப் பாத்திரத்தை ஆடுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறவி ஆற்றல் உள்ளவர் கூட்டத்தைவிட்டு ஏன் ஒதுங்கி வாழ்கிறார் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் மூன்றாமவர். ஒப்பந்தம் போட்டவர். வார்லாக். படிக்கப் பொறுமையில்லை, பிறவியிலும் எதுவும் வரவில்லை, ஆனால் ஆற்றல் அவசரமாகத் தேவை. ஆகவே தன்னைவிடப் பெரிய ஒன்றிடம் போய்க் கேட்கிறார். அது ஒரு நரகத்து அரசனாக இருக்கலாம், தேவதை உலகத்தின் ராணியாக இருக்கலாம், நட்சத்திரங்களுக்கு அப்பால் உறங்கும் பெயர் தெரியாத ஒன்றாகவும் இருக்கலாம். மந்திரங்களைச் செலவழிக்கும் விதத்திலேயே இந்த ஒப்பந்தத்தின் சாயலைக் காட்டியிருக்கிறார்கள். ஆட ஆட அனுபவம் கூடிப் பாத்திரம் நிலை நிலையாக உயரும். இரண்டாம் நிலையிலிருந்து பத்தாம் நிலை வரை வார்லாக்குக்கு இரண்டே இரண்டு ஸ்லாட்தான். அதாவது இரண்டு முறை பெரிய மந்திரம் சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டும் எப்போதும் அவரால் முடிந்த உச்ச வலிமையில் வரும். ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால் இரண்டும் திரும்பிவிடும். விசார்டுக்கு ஒரு ராத்திரி முழுதும் உறங்கி எழ வேண்டும். வார்லாக்குக்கு மேலேயிருந்து சம்பளம் மாதிரி படியளந்துகொண்டே இருக்கிறார்கள். கொஞ்சமாக, ஆனால் நிற்காமல். இப்படி வாங்கிப் பழகிய ஆள் என்றைக்காவது எதிர்த்துப் பேசுவாரா?

கொடுத்தவர் நினைத்தால் பறிக்க முடியுமா என்பது ஆடுகிறவர்களிடையே ஓயாத சண்டை. 2014 பதிப்பின் விதிகள் அப்படிப் பறிப்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கதையை நடத்துகிறவர் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்று வைப்பதே நல்லது என்பது என் கட்சி. திரும்பப் பெற முடியாத கடனைக் கொடுத்தவர் சும்மா இருக்க மாட்டார். கனவில் வருவார், நினைவூட்டுவார், அந்த ஆளுக்கு வேண்டியவர்கள் பக்கம் பார்வையைத் திருப்புவார். கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த உறங்கும் பேராற்றலோடு ஒப்பந்தம் போட்ட வார்லாக்கின் நிலை இன்னும் விசித்திரமானது. இப்படி ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாமல் இருக்கலாம் என்று விதிநூலே சொல்கிறது. வாழ்நாள் முழுக்க ஒன்றுக்குக் கட்டுப்பட்டு நடந்தும் அதன் கவனத்தில் ஒரு நொடிகூட இல்லாமல் போவது, நரகத்து அரசனிடம் மாட்டுவதைவிடக் கொடுமை என்று எனக்குப் படுகிறது.

தெய்வத்திடமிருந்து பெறும் கிளெரிக்கும் வாங்கிக்கொள்பவர்தான். ஆனால் இங்கே பேரம் கிடையாது, நம்பிக்கைதான் உண்டு. 2014 பதிப்பில், பத்தாம் நிலைக்கு வந்த கிளெரிக் தன் தெய்வத்தை நேரடியாகவே உதவிக்குக் கூப்பிடலாம். 100 வரையான பகடை எண் தன் நிலைக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் தெய்வம் வரும். பத்தாம் நிலையில் நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. தொண்ணூறு முறை பதில் வராது. பதில் வராமலும் தொழுதுகொண்டிருக்கும் ஒருவரை விதியும் எண்ணுமாகவே உருவாக்கிவிட்டார்கள்! பெற்ற ஆற்றல் தேவையான நேரத்தில் கைவிடுவது எவ்வளவு வலுவான கதை என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பொய் சொல்லிப் பரசுராமரிடம் பிரம்மாஸ்திரம் கற்ற கர்ணனுக்குச் சாபம் என்ன? உயிர் போகும் வேளையில் மந்திரம் மறந்துபோகும் என்பதுதான். ஆற்றலை எப்படிப் பெற்றான் என்பதும் எப்படி இழந்தான் என்பதும் அங்கே ஒரே முடிச்சு.

இயற்கையோடு இணைந்த ட்ரூயிட், இசையால் மந்திரம் செய்யும் பார்ட் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டி, விளையாட்டு விதிகளுக்கு வெளியே நாவல்களில் இருக்கும் வேறு மாதிரி ஆட்களுக்கு வருகிறேன்.

அர்சுலா லெ குவின் 1968ல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலில் மந்திரம் என்பது பொருள்களின் உண்மைப் பெயரை அறிவது. பெயர் தெரிந்தால் அது கட்டுப்படும். மனிதர்களுக்கும் உண்மைப் பெயர் உண்டு, அதை உயிருக்கு உயிரானவர்களுக்கு மட்டுமே சொல்வார்கள். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. கெட் என்ற பையன், பேர்பெற்ற மந்திரவாதியான ஓகியோனிடம் சீடனாகச் சேர்ந்து மலைப்பாதையில் கூடவே நடக்கிறான். மழை பிடித்துக்கொள்கிறது. சாதாரண மந்திரவாதிகூட மேகத்தை விரட்டிவிடுவான். ஓகியோன் செய்வதில்லை. நல்ல அடர்ந்த மரமாகப் பார்த்து அதன் அடியில் படுத்துக்கொள்கிறார். நனைந்த புதருக்குள் சுருண்டு கிடக்கும் கெட், ஆற்றல் இருந்தும் பயன்படுத்தாவிட்டால் அது எதற்கு என்று மனதுக்குள் குமுறுகிறான். மழையை இங்கே தள்ளினால் அது வேறெங்கோ போய் விழும் என்பது ஓகியோனுக்குத் தெரியும். உலகத்தின் சமநிலை குலையும். இங்கே ஆற்றலைப் பறிக்க வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. தெரிந்தவர் தானே கையைக் கட்டிக்கொள்கிறார். மந்திரவாதியை அவர் செய்யாத மந்திரத்தால் காட்டிய எழுத்து என்றால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும்.

பிராண்டன் சாண்டர்சன் நேர் எதிர்த்திசையில் போகிறார். 2006ல் வந்த மிஸ்ட்பார்ன் நாவலில் மந்திரம் வயிற்றுக்குள் இருக்கும் உலோகம். தகரத்தை விழுங்கி எரித்தால் கண்ணும் காதும் கூர்மையாகும். எஃகை எரித்தால் சுற்றியிருக்கும் உலோகத்தைத் தள்ளலாம். ஒரு காசைத் தரையில் போட்டுத் தள்ளுகிறாள் நாயகி வின். காசு தரையைத் தாண்டிப் போக முடியாது, ஆகவே அவள் மேலே எகிறுகிறாள். தள்ளும் பொருள் அவளைவிடக் கனம் என்றால் நகர்வது அவள்தான். உலோகம் தீர்ந்தால் ஆற்றலும் தீர்ந்தது. சண்டைக்கு நடுவே நாமே அவளுடைய வயிற்றுக் கையிருப்பைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்போம். வாசகருக்கு விதி எந்த அளவு புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் எழுத்தாளர் மந்திரத்தால் சிக்கலைத் தீர்க்கலாம் என்று 2007ல் அவர் எழுதினார். ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுக்க இல்லை. ஓகியோன் படுத்த மரத்தடியில் விதி விளக்கம் எதுவும் கிடையாது. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

இவ்வளவு பேரிலும் ஆற்றல் ஒரு தனி ஆளின் சொத்தாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பலர் சேர்ந்து ஒரே மந்திரத்தைத் தாங்கும் கதைகள் குறைவு. 1990ல் தொடங்கிய 'வீல் ஆஃப் டைம்' வரிசையில் ராபர்ட் ஜோர்டன் அதைத் தொட்டிருக்கிறார். ஏஸ் செடாய் என்ற மந்திரப் பெண்கள் தங்கள் ஆற்றலைக் கோத்து ஒரு வட்டமாகலாம். பெண்கள் மட்டும் என்றால் 13 பேர் வரை. எல்லாருடைய ஆற்றலும் ஒன்றாகும், ஆனால் அதைச் செலுத்துவது ஒருத்தி மட்டும். மற்றவர்கள் தங்களுடையதை அவள் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். யார் பறிக்க முடியும் என்ற நம் கேள்வி அங்கே கூட நிற்கும் தோழியிடமே போய் நிற்கிறது. நம்பிக் கொடுப்பது யார், தலைமை யாருக்கு, பிடிக்காதவர்கள் ஒரே வட்டத்தில் நின்றால் என்ன ஆகும் என்று எத்தனையோ கதைகள் அதற்குள் இருக்கின்றன. தமிழில் யாராவது அந்தப் பக்கம் எழுத வந்தால் முதல் ஆளாக வாங்கிப் படிக்கக் காத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.