ஓங்கலின் காலடியில்

அவைத் தலைவர் அவர்களுக்கும், இங்கே வந்திருக்கும் பெரியோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் வணக்கம்.

கடலோரத்தில் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவரான ஓங்கலைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். நான் இன்று உங்களைக் குனிந்து பார்க்கச் சொல்லப் போகிறேன். ஓங்கலின் காலடியிலிருந்து கடலை நோக்கி, மிக மெல்லிய சரிவோடு, கடல்நீர் இறங்கும் தாழ் ஓதத்தின்போது மட்டும் முழுதாக வெளியே தெரியும்படி ஒரு கல்தளம் பரந்து கிடக்கும். பாடநூல்கள் அதை அலை அரிமேடை என்கின்றன. கடல் இன்றைக்கு எட்டியிருக்கும் எல்லையைத்தான் ஓங்கல் காட்டுகிறது. அது இதுவரை செய்து முடித்த வேலை முழுவதும் இந்த மேடையில் எழுதப்பட்டிருக்கிறது. மேடையின் வெளி விளிம்பு இருக்கும் பக்கத்தில் ஒரு காலத்தில் நின்ற ஓங்கல், சிறிது சிறிதாகப் பின்வாங்கி இன்றைய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதே மேடை நமக்குச் சொல்லும் முதல் செய்தி.

இந்த வேலையைச் செய்யும் வலிமை அலைக்குக் காற்றிடமிருந்து வருகிறது. திறந்த கடலில் காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் தடையின்றி வீசுகிறதோ அதற்கேற்ப அலை வளர்கிறது. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆண்டு முழுதும் வந்துபோகும் சாதாரண அலைகளைவிட ஒரு சில புயல் நாட்களின் அலைகள் ஏன் கரையின் வடிவத்தை மாற்றிவிடுகின்றன என்பது புரியும். இந்த வலிமையை முதன்முதலில் கருவி கொண்டு அளந்தவர்களில் ஒருவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். கலங்கரை விளக்கங்கள் கட்டும் குடும்பத்தில் பிறந்த அவர், இரும்புத் தட்டு ஒன்றைச் சுருள்வில்லோடு பொருத்திப் பாறையில் பதித்து, அலை மோதும்போது அந்த வில் எவ்வளவு அழுந்துகிறது என்று பார்த்தார். 1845 மார்ச்சில் வீசிய புயலின்போது ஸ்கெர்ரிவோர் என்ற இடத்தில் அந்தத் தட்டின் மேல் விழுந்த அழுத்தம் சதுர அடிக்கு 6,083 பவுண்டு. நம் கணக்கில் சொன்னால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 டன். அதே ஸ்காட்லாந்தின் விக் துறைமுகத்தில், அலைத்தடுப்புச் சுவரின் முனையாக இருந்த 1,350 டன் கட்டுமானத்தை 1872 ஆம் ஆண்டுப் புயல் அப்படியே பெயர்த்து நகர்த்திவிட்டது.

ஆனாலும் வெறும் நீர் மோதுவதால் மட்டும் கெட்டியான பாறை பொடியாகிவிடுவதில்லை. அலை தேடுவது விரிசலை. விரல் நுழையாத ஒரு வெடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் காற்று இருக்கிறது. அலை வந்து வாயை அடைத்ததும் உள்ளே சிக்கிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது நொடிப்பொழுதில் நசுங்கி, வெடிப்பின் இரு பக்கச் சுவர்களையும் ஆப்பு அடித்ததுபோல் அகட்டுகிறது. அலை பின்வாங்கும்போது நசுங்கிய காற்று திடீரென்று விரிந்து, தளர்ந்துபோன துணுக்குகளை வெளியே இழுக்கிறது. புயல் நாளில் ஓங்கலின் அருகே நின்றவர்கள் பாறைக்குள்ளிருந்து எழும் அந்த அடித்தொண்டை முழக்கத்தைக் கேட்டிருப்பார்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை, ஒரு நாளில் பல்லாயிரம் முறை, இந்த அழுத்தமும் விடுப்பும் நடந்துகொண்டேயிருக்கின்றன. கடைசியில், நான்கு பக்கமும் வெடிப்பால் சூழப்பட்ட ஒரு கல் செங்கல்லைப் போல் உருவிக்கொண்டு வந்துவிடுகிறது.

அப்படி வந்த கல்தான் கடலின் அடுத்த கருவி. அலை அதை எடுத்துப் பாறையின் மேல் எறிகிறது, இழுக்கிறது, உருட்டுகிறது. அதன் கீழே மணல் அரத்தைப் போல் அராவுகிறது. மேடையின் மேல் நடந்தால் ஆங்காங்கே வட்டமான குழிகளைக் காணலாம். ஒரு குழிக்குள் கையை விட்டுப் பாருங்கள். அடியில் நாலைந்து வழவழப்பான கூழாங்கற்கள் தட்டுப்படும். சின்னப் பள்ளம் ஒன்றில் சிக்கிக்கொண்ட அந்தக் கற்களை ஒவ்வோர் அலையும் சுழற்றிச் சுழற்றி விட, அவை ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் சுற்றித் தமக்கான குழியைத் தாமே குடைந்திருக்கின்றன. பாறையைத் தேய்க்கும்போது அவையும் தேய்கின்றன. கூர்மையாக உடைந்து விழுந்த கல் கூழாங்கல்லாகி, கூழாங்கல் மணலாகி, பிறகு நீரோட்டத்தோடு போய்விடுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. மணலும் கல்லும் அளவாக இருந்தால் அலையின் கையில் ஆயுதம். மிகுதியாகக் குவிந்துவிட்டால் ஓங்கலுக்குக் கவசம். பரந்த மணற்கரை ஒன்று ஓங்கலின் முன்னால் இருக்குமானால் அலை அந்த மணலிலேயே உடைந்து தளர்ந்துவிடும். கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணலை நடுவழியில் ஒரு கட்டுமானம் மறித்துவிட்டால், அதற்கு அப்பால் மணல் கிடைக்காத ஓங்கல் அலைக்கு நேராக நிற்க வேண்டியதாகிறது. ஓர் இடத்தைக் காக்கப் போட்ட கல் இன்னோர் இடத்தை அரிக்கவிடுவது இப்படித்தான்.

அலையோடு சேர்ந்து, ஓசையில்லாமல் வேலை செய்கிறவையும் உண்டு. ஓதம் ஏறும்போது நனைந்து, இறங்கும்போது காயும் பாறையின் நுண்துளைகளில் உப்பு படிகமாகி, துகள் துகளாகப் பாறையை உதிர்க்கிறது. சுண்ணாம்புப் பாறையை நீரே கரைக்கிறது. உயிரினங்களும் விட்டுவைப்பதில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நத்தை ஊர்ந்து கல் தேய்வதை இந்த மேடையில் கண்ணால் காணலாம். பாறையில் ஒட்டி வாழும் ஒருவகை நத்தையின் பற்களில் இரும்புக் கனிமம் இருக்கிறது. பாசியைச் சுரண்டித் தின்னும்போது அது பாறையின் தோலையும் சேர்த்தே சுரண்டுகிறது. சில சிப்பிகள் பாறையைத் துளைத்து அதற்குள்ளேயே குடியிருக்கின்றன.

இவை எல்லாம் கூடிவரும் இடம் ஓங்கலின் அடி. அலையின் தாக்குதல் அதிகமாக விழும் உயரத்தில் முதலில் ஒரு குடைவு உண்டாகிறது. குடைவு ஆழமாக ஆழமாக, மேலே இருக்கும் பாறை தாங்குவாரின்றி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்; அதன் எடையைத் தாங்கும் வலிமை பாறைக்கு இருக்கும் வரை நிற்கும், ஒருநாள் விழும். விழுந்த குவியல் சில காலம் ஓங்கலின் காலைக் காக்கிறது. அலை அதை உடைத்து அள்ளிக்கொண்டு போன பிறகே அடுத்த குடைவு தொடங்க முடியும். ஆகவே ஓங்கல் நாள்தோறும் ஒரே அளவாகப் பின்வாங்குவதில்லை. பல ஆண்டுகள் அசையாமல் நின்று, ஒரே நாளில் பல மீட்டர் போய்விடும். ஆண்டுக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று நாம் சொல்லும் கணக்கெல்லாம் நீண்ட காலத்தின் சராசரிதான். அந்த எண்ணை நம்பி ஓங்கலின் விளிம்புக்கு இவ்வளவு அருகில் நிற்கலாம் என்று எவரும் முடிவு செய்யக் கூடாது.

எந்தப் பாறை என்பதைப் பொறுத்தே வேகம் அமையும். இங்கிலாந்தின் ஹோல்டர்னெஸ் கரை, பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண்ணால் ஆனது. அது ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2 மீட்டர் பின்வாங்குகிறது, அங்கே கடலுக்குள் போன ஊர்கள் பல. கெட்டியான கிரானைட் ஓங்கலிலோ ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் மாற்றம் தெரிவதே அரிது. பாறை அடுக்குகள் கடலை நோக்கிச் சரிந்திருந்தால் அவை வழுக்கி விழும். கிடையாகவோ நிலத்தை நோக்கிச் சாய்ந்தோ இருந்தால் ஓங்கல் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். கடலுக்குள் நீண்ட முனையில் அலைகள் வளைந்து இரு பக்கமும் குவிவதால் அங்கே குகையும், குகை துளைபட்டு வளைவும், வளைவின் கூரை விழுந்து தனித்தூணும் உருவாகின்றன. இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மால்டாவின் கோசோ தீவில் ‘நீலச் சாளரம்’ என்று புகழ்பெற்றிருந்த கல்வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் விழுந்ததும், ஆஸ்திரேலியாவின் ‘பன்னிரு அப்போஸ்தலர்’ தூண்களில் ஒன்று 2005 ஜூலையில் நொறுங்கியதும் செய்தித்தாள்களில் வந்தவையே.

மேடைக்குத் திரும்புவோம். ஓங்கல் பின்வாங்கப் பின்வாங்க மேடை அகலமாகிறது. அகலமான ஆழமற்ற தளத்தைக் கடந்துவரும் அலை, வழியிலேயே உடைந்து, தரையோடு உராய்ந்து, ஆற்றலை இழந்து, ஓங்கலைத் தொடும்போது சோர்ந்துபோய் நிற்கிறது. கடல் வெட்டிய மேடையே கடலைத் தடுக்கிறது. கடல்மட்டம் மாறாமல் இருந்தால் இந்த அரிப்பு வரவர மெதுவாகிவிடும். இதற்கு மாறாகக் கடல்மட்டம் உயர்ந்தால் மேடையின் மேல் நீர் ஆழமாகி, அலை மீண்டும் முழு வலிமையோடு ஓங்கலின் காலுக்கு வந்துவிடும். இன்றைய கடல்மட்ட உயர்வைப் பற்றி எனக்கு இருக்கும் கவலைகளில் இது முதன்மையானது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது, கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அது ஏறி, இன்றைய மட்டத்துக்கு அருகே நிலைகொண்டு சுமார் 7,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. நாம் காணும் மேடைகளில் பலவும் இந்தக் குறுகிய காலத்தின் வேலை. சில, கடல் முன்னொரு காலத்தில் இதே மட்டத்தில் நின்றபோது வெட்டிவைத்ததன் மேல் மறுபடி வெட்டப்பட்டவை.

இந்த மேடையை உண்மையில் வெட்டியது அலைதானா என்ற கேள்வி ஏறக்குறைய 180 ஆண்டுப் பழமை உடையது. 1846 இல் நிலவியலாளர் ஆண்ட்ரூ ராம்சே வேல்ஸ் நாட்டுச் சமவெளிகளையே கடலலை சீவிய தளங்கள் என்று வாதிட்டார். அமெரிக்க நிலவியலாளர் ஜேம்ஸ் டுவைட் டேனா, நியூசிலாந்தின் தீவுகள் விரிகுடாவில் ‘பழைய தொப்பி’ என்று அழைக்கப்பட்ட சிறு தீவைக் கண்டார். நடுவில் மேடும் சுற்றிலும் தட்டையான விளிம்புமாக அது தொப்பியைப் போலவே இருந்தது. கடல்நீரில் எப்போதும் ஊறியிருக்கும் பாறை சிதைவதில்லை, அதற்கு மேலே நனைந்து காயும் பகுதிதான் சிதைகிறது, அலை அந்தச் சிதைவைக் கழுவிச் செல்கிறது என்று அவர் 1849 இல் எழுதினார். அலையும் சிதைவும் சேர்ந்தே வேலை செய்கின்றன, எது முந்தி நிற்கும் என்பதைப் பாறையும் ஓதமும் அலையும் தீர்மானிக்கின்றன என்பதே என் கருத்து. ‘அலை அரிமேடை’ என்ற பெயர் வழக்கை முடிக்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது. ‘கரையோரக் கல்மேடை’ என்று சொல்லும் ஆய்வாளர்கள் பக்கமே நான் நிற்கிறேன்.

மேடையை வாசிக்கும் முறைகளில் என்னை மிகவும் வியக்கவைத்தது இங்கிலாந்தின் தென்கரையில் நடந்த ஆய்வு. அங்கே உள்ள வெண்மையான மென்சுண்ணாம்பு ஓங்கல்களுக்குள் சிக்கிமுக்கிக் கற்கள் வரிவரியாகப் பதிந்திருக்கும். ஓங்கலுக்கு அடியில் புதைந்திருக்கும் வரை அந்தக் கல்லை விண்ணிலிருந்து வரும் கதிர்கள் எட்டா. ஓங்கல் விலகி, கல் மேடையின் மேல் வெளிப்பட்டதும், கதிர்கள் அதில் பெரிலியம்-10 என்ற அணுவை மிக மெதுவாக உண்டாக்கத் தொடங்குகின்றன. மேடையின் குறுக்கே வெவ்வேறு இடங்களில் எடுத்த கற்களில் அந்த அணுக்களை எண்ணி, மேடை தேய்ந்த அளவையும் ஓதநீர் மறைத்த அளவையும் கணக்கில் கொண்டால், ஓங்கல் எந்த வேகத்தில் பின்வாங்கியது என்று சொல்லிவிடலாம். 2016 இல் வெளியான அந்த ஆய்வின்படி, பல்லாயிரம் ஆண்டுகள் ஆண்டுக்கு 2 முதல் 6 செ.மீ. வரை பின்வாங்கிக்கொண்டிருந்த ஓங்கல், கடந்த சில நூற்றாண்டுகளில் 22 முதல் 32 செ.மீ. வரை பின்வாங்குகிறது. முன்னாலிருந்த கூழாங்கல் கரை மெலிந்துபோனது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கவசம் குறைந்தால் என்ன ஆகும் என்று சற்று முன் சொன்னேனே, அதன் கணக்கு இது.

மேடை மேலிருந்து கீழாகவும் தேய்கிறது. நியூசிலாந்தின் கைகோரா தீபகற்பத்தில், பாறையில் பதித்த ஆணிகளின் மேல் நுண்ணளவி ஒன்றை வைத்துப் பல பத்தாண்டுகளாக அளந்துவந்தார்கள். தேய்வு ஆண்டுக்குச் சுமார் 1 மி.மீ. என்று தெரிந்தது. 2016 நவம்பர் 14 அன்று, நள்ளிரவு கடந்து இரண்டு நிமிடங்களில், 7.8 அளவுள்ள நிலநடுக்கம் அந்தத் தீபகற்பத்தைச் சுமார் 1 மீட்டர் மேலே தூக்கியது. ஆயிரம் ஆண்டுகள் தேய்ந்தால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு உயரம் இரண்டு நிமிடத்துக்குள் ஏறிவிட்டது. விடிந்தபோது, முந்தைய நாள் வரை நீருக்கடியில் இருந்த பாறை வெளியே தெரிந்தது. அதன் மேல் கடற்பாசிகள் துவண்டு கிடந்தன, அடுத்த சில வாரங்களில் அவை வெளுத்துக் காய்ந்தன. பழைய மேடையின் பெரும்பகுதியை இப்போது ஓதநீர் முன்போல் எட்டுவதில்லை. அதன் வெளி விளிம்பில், ஒரு மீட்டர் கீழே, அலை புதிய மட்டத்தில் விரிசல்களுக்குள் நுழையத் தொடங்கியிருக்கிறது.