கேட்டுப் போனவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். எழுதும் அட்டையும் பேனாவுமாக, ஆய்வுக்குக் கேள்வி கேட்க ஒருவர் வாசலில் வந்து நின்றதும், "வீட்டில் ஆள் இல்லை" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்திருப்பீர்கள். முப்பது ஆண்டுகள் அந்த அட்டையோடு வாசலில் நின்றவன் நான். கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

நம் கன்னியாகுமரிக் கடற்கரைக்குக் கேள்விகள் புதிதல்ல. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதிலுள்ள தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தின் கதிர்வீச்சு உடம்பை என்ன செய்கிறது என்று கேட்க வருகிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் கேட்டார்கள், 2017 ஒக்கிப் புயலுக்குப் பின்னும் கேட்டார்கள்.

சுனாமி கழிந்து இரண்டாம் ஆண்டு, மணக்குடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். வயதான அம்மா ஒருவர் கட்டன் காப்பி தந்தார். பெயரையும் வயதையும் எழுதிவிட்டு நான் தலை நிமிர்வதற்குள், "முன்பு ஐந்து பேர், இப்போது மூன்று பேர். ஓட்டு வீடு. கடன் உண்டு. ராத்திரி தூக்கம் இல்லை" என்று சொல்லி முடித்தார். என் தாளிலும் அதே வரிசை!

"நீங்கள் ஏழாவது ஆள், மக்களே. போன மாதம் வந்த பிள்ளை, தூக்கம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத் தானே அழுதது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன்."

கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "அந்த ஆறு பேரும் எழுதிக்கொண்டு போனார்களே, என்ன கண்டுபிடித்தார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. நான் எழுதிக்கொண்டு போனதும் கல்லூரி அலமாரியில்தான் இருக்கிறது, ஆங்கிலத்தில்.

கேள்வித்தாள் நீளம், அதனால்தான் சலிப்பு என்பார்கள். உண்மைதான், நாற்பதாவது கேள்வியைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்று வந்துவிடும். பெயர் எழுதினால் நிவாரணம் வரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த அம்மா கேட்டது வேறு. என்ன கண்டுபிடித்தார்கள்? திரும்பவும் சொல்கிறேன், அவர் கேட்டது அது ஒன்றுதான். மருத்துவ ஆய்வுகளுக்கென்று 1964இல் வந்த ஹெல்சின்கி பிரகடனம்கூட, பின்னாளில் திருத்தப்பட்டபோது, பங்கேற்றவர் விரும்பினால் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது.

கதிர்வீச்சு ஆய்வுகளைப் பற்றித் தனியே பேச நினைத்திருந்தேன்; நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். ஆய்வுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட பிறகும் நீங்கள் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து பதில் சொல்வதானால், வந்தவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர் பேனாவாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.