தட்டில் கல் கிடக்கிறது, அரிசோனாவில் ஏன் இல்லை?

வணக்கம். சனியின் வளையங்கள் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். காரணம், ஒரே படத்தை உங்களில் பதினேழு பேர் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பூமியில் பாதி அளவுக்கு ஒரு கல், சுற்றிலும் நெருப்பு, மேலே கொட்டை எழுத்தில் "பூமியை நோக்கி வருகிறது". உள்ளே போய்ப் பார்த்தால், நிலாவைவிடப் பல மடங்கு தள்ளிக் கடந்துபோகும் சிறுகோள். இந்த மாதிரிப் படங்கள் எனக்கு அறவே பிடிக்காது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். பயமுறுத்துகிறார்கள் என்பதற்காக மட்டும் இல்லை. ஆபத்து எதில் இருக்கிறது என்பதையே தப்பாகக் காட்டுகிறார்கள்.

அதைக் காட்டத்தான் இந்தத் தட்டு. கீழே வெள்ளை மணல், மேலே மெல்லிசாக நீலப் பொடி. கல்லைப் போட்டால் அடியிலிருக்கும் வெள்ளை மணல் நீலத்தின் மேல் கதிர்கதிராகச் சிதறும். பாருங்கள்... விழுந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறது! நிலாவில் டைக்கோ பள்ளத்தைச் சுற்றித் தெரியும் கோடுகள் இப்படி உண்டானவைதான்.

இது ஒன்றைப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. முதல் நாள் மணலில் ஈரம். கல் விழுந்ததும் பொத்தென்று அமுங்கியதே தவிர, எதுவும் சிதறவில்லை. வெயிலில் பரப்பிக் காயவைத்தேன், காற்று வந்து பாதிப் பொடியைக் கொண்டுபோனது. மறுபடி சலித்து, மறுபடி தூவி, இருபத்து மூன்றாவது தடவைதான் இது கிடைத்தது. அந்த ஒன்றைப் பிடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அதற்கு முன் சாய்வாக எறிந்த எட்டுத் தடவையும் பள்ளம் வட்டமாக வரவில்லை. உழுத சால் மாதிரி நீளமாக வந்தது. நிலாவில் இருக்கும் பள்ளங்கள் ஏறக்குறைய எல்லாம் ஏன் வட்டமாக இருக்கின்றன? எல்லாக் கல்லும் நேர்செங்குத்தாகவா விழுந்தன?

இந்தக் குழப்பம் எனக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது. டேனியல் பாரிஞ்சர். அமெரிக்காவின் அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலம், 170 மீட்டர் ஆழம் கொண்ட ஒரு பள்ளம் உண்டு. அது விண்கல் விழுந்த இடம் என்று அவர் உறுதியாக நம்பினார், அது சரிதான். அவ்வளவு பெரிய இரும்புக் கல் அடியில்தானே கிடக்க வேண்டும் என்று 1903இல் தோண்ட ஆரம்பித்தார். நடுவில் துளையிட்டார், இல்லை. அப்புறம் சேற்றிலும் பாறையிலும் துப்பாக்கியால் சாய்வாகச் சுட்டுப் பார்த்தார். துளை வட்டமாகவே வந்தது. அப்படியானால் கல் சாய்வாக வந்து தெற்கு விளிம்புக்கு அடியில் போயிருக்கும் என்று அங்கேயும் துளையிட்டார். இப்படியே இருபத்தாறு வருடம். 1929இல் மோல்டன் என்ற வானியலாளர் கணக்குப் போட்டுச் சொன்னார்: நீங்கள் நினைக்கிற அளவில் சிறு பங்குதான் வந்தது, அதுவும் மோதிய வேகத்தில் ஏறக்குறைய மொத்தமும் ஆவியாகிவிட்டது. அந்த ஆண்டே பாரிஞ்சர் மாரடைப்பில் இறந்துபோனார். இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு கனத்துவிடும்.

என் தட்டைப் பாருங்கள். பள்ளத்தின் நடுவில் கல் அப்படியே கிடக்கிறது. இதுதான் தப்பு. வினாடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு கிலோ கல்லுக்குள், கிட்டத்தட்ட 48 கிலோ டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல் இருக்கிறது. அது விழுவதில்லை, வெடிக்கிறது. வெடிப்பு எல்லாப் பக்கமும் தள்ளும், அதனால்தான் பள்ளம் வட்டம். ஆகவே கல்லை மறந்துவிடுங்கள். கல் போன பிறகு வருவதுதான் ஆளை அடிக்கும்.

2013 பிப்ரவரி 15, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க். காலை நேரம். ஏறக்குறைய 20 மீட்டர் கல், சுமார் 30 கிலோமீட்டர் உயரத்திலேயே வெடித்தது. சூரியனைவிடப் பிரகாசமான ஒளி, சத்தமே இல்லை. என்ன அது என்று பார்க்க ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடம் போல் கழித்து அதிர்வலை வந்து சேர்ந்தது. அத்தனை கண்ணாடியும் முகத்தில். சுமார் 1,500 பேர் காயம்பட்டார்கள், பெரும்பாலோருக்குக் கண்ணாடி வெட்டு. கல் அடித்தது யாரையும் இல்லை. ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவர் ஒளியைப் பார்த்ததும் 44 குழந்தைகளையும் மேசைக்கு அடியில் போகச் சொன்னார். அவருக்கு வெட்டு, குழந்தைகள் ஒருவருக்கும் கீறல் இல்லை. சுவரே இல்லாமல் நெருப்பு வரையும் அந்தப் படக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதுமே: வானத்தில் பெரிய ஒளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகுங்கள்!

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கல்லை முன்கூட்டி ஏன் யாரும் பார்க்கவில்லை என்று போன தடவை கேட்டீர்கள். அது சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது. தரையில் இருக்கும் தொலைநோக்கிகளால் அந்தப் பக்கம் பார்க்க முடியாது.

துங்குஸ்கா பற்றி ஏற்கெனவே தனி வீடியோ இருக்கிறது, அதனால் சுருக்கமாக. 1908, சைபீரியா, விண்ணிலிருந்து வந்தது வானத்திலேயே வெடித்து 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு சாய்ந்தது. பள்ளம் கிடையாது. வெடிப்புக்கு நேர் கீழே இருந்த மரங்கள் மட்டும் கிளை முறிந்து நின்றபடி இருந்தன, ஏனென்றால் அவற்றை மேலிருந்து அழுத்தியது காற்று.

சரி, டைனோசர் கதை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் 10 கிலோமீட்டர் அளவுள்ள சிறுகோள் மெக்சிகோவின் யுகடான் பக்கம் மோதியது. அகலம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் கொண்ட பள்ளம். சுனாமியும் நெருப்பும் அந்தச் சுற்று வட்டாரத்துக்குப் போதும், உலகம் முழுக்க உயிரினங்களில் முக்கால்வாசியை அழிக்கப் போதாது. அழித்ததற்குக் காரணம் அது விழுந்த இடம். அங்கே தரையில் ஜிப்சம் போன்ற கந்தகப் பாறைகள் ஏராளம். 2016இல் பள்ளத்துக்குள் துளையிட்டுப் பாறை எடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் நிறைந்திருக்கும் அந்தக் கந்தகப் பாறை, எடுத்த துண்டுகளில் ஏறக்குறைய காணவே இல்லை. எங்கே போயிற்று? ஆவியாகி வானத்துக்குப் போயிற்று. கந்தகத் துளி, தூசி, புகைக்கரி எல்லாம் சேர்ந்து வெயிலை மறைத்தன. வருடக்கணக்கில் குளிர். கடலில் மிதக்கும் நுண்பாசிக்கே வெளிச்சம் இல்லை என்றால் அதற்கு மேல் உள்ளது எதைத் தின்னும்? பாரிஞ்சர் தேடியதும் கிடைக்கவில்லை, இங்கே தேடியதும் கிடைக்கவில்லை. ஆனால் இங்கே கிடைக்காததுதான் பதில். இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும்.

கல்லே முழுசாக மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் தூள் உலகம் முழுக்கப் படிந்தது. இத்தாலியின் குப்பியோவில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள களிமண் அடுக்கில், பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் சிறுகோள்களில் அதிகமாகவும் இருக்கும் இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதை, அல்வாரெஸ் என்ற விஞ்ஞானிகளான அப்பாவும் மகனும் கூட்டாளிகளும் 1980இல் வெளியிட்டார்கள். பள்ளம் அடையாளம் காணப்பட்டது அதற்கு அப்புறம்தான்.

இப்போது என்ன நிலைமை? பூமிக்குப் பக்கத்தில் வரும் சிறுகோள்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 140 மீட்டருக்கு மேல் உள்ள வகையில் பாதிகூட இன்னும் ஆகவில்லை, என் கவலை அங்கேதான். தள்ளிவிடவும் முடியும் என்று காட்டியாகிவிட்டது: 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற குட்டிச் சிறுகோள் மேல் மோதி, அது சுற்றிவரும் நேரத்தை 33 நிமிடம் குறைத்தது. முன்பே தெரிந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

உண்மையிலேயே பக்கத்தில் வருவதைப் பார்க்க ஆசை என்றால் 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, குறித்துக்கொள்ளுங்கள். 300 மீட்டருக்கு மேல் உள்ள அப்போஃபிஸ் என்ற சிறுகோள், தரையிலிருந்து 32,000 கிலோமீட்டருக்குள் கடக்கும். டிவி செயற்கைக்கோள்கள் சுற்றுவது அதைவிட உயரத்தில். மோதாது, உறுதி. உலகத்தின் இந்தப் பாதியில் வெறும் கண்ணுக்கே, நகரும் புள்ளியாகத் தெரியும். அன்றைக்கு நேரலை உண்டு. நெருப்பு இருக்காது, அந்தப் புள்ளி மட்டும்தான்.